ஒரே வரியில் ஒரு சமையலறை

முன்பணம் கட்டிவிட்ட விஷயத்தை என் கணவர் சொன்னபோது நாங்கள் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தோம். மாலை நேரக் கூட்டம். என் முகத்துக்கு நேரே யாரோ ஒருவருடைய லேப்டாப் பை. என் கணவர் குருகிராம் அலுவலகத்திலிருந்தும் நான் என் அலுவலகத்திலிருந்தும் வந்து, ஹோஸ் காஸில் வண்டி மாறி, ஒன்றாக முனிர்கா திரும்புவது வழக்கம்.

"ஐம்பதாயிரம் கட்டிட்டேன். ஆஃபர் இன்னிக்கோட முடியுதாம். மத்தியானம் அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு" என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"கிச்சன் ஷோரூம்ல பாத்தோமே, நம்ம தமிழ்ப் பொண்ணு."

"கொட்டேஷன் வந்துச்சா?"

வந்திருந்தது. மொபைலில் திறந்து காட்டினார். மேலே கடையின் பெயர், அதன் கீழே எங்கள் பெயரும் முகவரியும். பிறகு ஒரே ஒரு வரி: மாடுலர் கிச்சன், எல் வடிவம், கம்ப்ளீட். அதற்கு எதிரே நான்கரை லட்சத்தைத் தாண்டிய ஒரு தொகை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், கீல், கைப்பிடி முதலான ஹார்டுவேர், மேடைக் கல், போக்குவரத்து, பொருத்தும் கூலி ஆகியவை தனி என்று போட்டிருந்தது. விரலால் பெரிதாக்கி மறுபடியும் படித்தேன். இத்தனையும் தனி என்றால் கம்ப்ளீட் என்பது எதைச் சொல்கிறது என்று விளங்கவில்லை.

டில்லி மெட்ரோவில் தமிழில் சண்டை போடலாம், யாருக்கும் புரியாது என்று எங்களுக்கு ஒரு தைரியம் உண்டு. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் ஆர்.கே.புரம் வந்துவிட்டது. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் விபூதியோடு தமிழ் பேசியபடி மூன்று பெண்கள் ஏறி எங்கள் பக்கத்திலேயே நின்றார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

பல வருடங்கள் முனிர்காவில் வாடகைக்கு இருந்த பிறகு, துவாரகாவில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீட்டை வாங்கியிருந்தோம். லிஃப்ட் கிடையாது. வீட்டில் மற்றதெல்லாம் பரவாயில்லை. சமையலறை மட்டும் தாங்கவில்லை. சிங்க்குக்குக் கீழே இருந்த மரப்பெட்டி ஊறி, பொதபொதவென்று பிய்ந்து வந்தது. உள்ளே கரப்பான்பூச்சிகள் குடும்பமாக இருந்தன. எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மதுரையில் என் மாமனாருக்கு பைபாஸ் ஆகியிருந்தது. மாமியார் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. தனியாக இருக்கக் கூடாது, உப்புக் குறைத்து வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜனவரிக் கடைசியில் அவரை டில்லிக்கு அழைத்துவர டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதற்குள் சமையலறை தயாராக வேண்டும்.

ஷோரூம், மேற்கு டில்லியில் ஃபர்னிச்சர் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் இருந்தது. முதல் தடவை போனபோது, பளபளத்த ஒரு சிவப்பு அலமாரியைப் பார்த்து, "இதத் தொடச்சே என் ஆயுசு போயிரும்" என்று என் கணவரிடம் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, அது அக்ரிலிக். பளபளப்பு இல்லாததும் இருக்கு, காட்டட்டுமா?"

திரும்பினேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். அங்கே டிசைனராக இருக்கிறாளாம்.

"நீங்க தமிழா?" என்று இவர் கேட்டார். குரலிலேயே மலர்ச்சி தெரிந்தது.

"ஆமா அண்ணா. அம்மா அப்பா விழுப்புரம் பக்கம். நான் பொறந்ததே இங்கதான். என் தமிழ் கொஞ்சம் கச்சா, சிரிக்காதீங்க."

அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார், அப்பா கட்டட வேலை, டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன் என்று நடந்துகொண்டே சொன்னாள். இந்த ஊரில் தமிழ் கேட்டால் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் இளகிப்போவோம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடைக்காரர் "வாங்கம்மா" என்று சொன்ன ஒரே காரணத்துக்காக வேண்டாத அப்பளக் கட்டை வாங்கி வந்தவள் நான். ஆனால் அது அப்பளம். இது பல லட்சம்.

"எல்லாம் வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட்தான் அண்ணா. நம்ம ஆளுங்க நீங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

முன்பணம் கட்டிய மறுநாள் காலை, அலுவலகத்தில் மாடிப்படி ஓரம் நின்று அவளுக்குப் போன் செய்தேன்.

"பெட்டிக்கு எவ்வளவு, கதவுக்கு எவ்வளவு, ட்ராயருக்கு எவ்வளவுன்னு தனித்தனியா போட்டு அனுப்பும்மா."

"அக்கா, எங்க சிஸ்டம்ல மொத்தமாத்தான் வரும்."

"தனித்தனியா கூட்டாம மொத்தம் எப்பிடி வரும்?"

"சார்கிட்ட கேட்டுச் சொல்றேன் அக்கா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றாள்.

அவள் சொல்லவில்லை. நானே மறுபடி கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாள். அதற்கடுத்த தடவை எடுக்கவில்லை. மாறாக வாட்ஸாப்பில் கதவுகளின் நிறங்கள் படம் படமாக வந்தன. சாம்பல், பிஸ்தா, கடல் நீலம். எது பிடித்திருக்கிறது என்று கேட்டிருந்தாள். விலை கேட்டு நான் அனுப்பியவற்றுக்கு இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் விழவில்லை.

ஒரு சனிக்கிழமை இவருக்குச் சொல்லாமல் வேறொரு ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்தவர் நான் பிரிண்ட் எடுத்துப் போயிருந்த கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "டிராயிங் எங்கே?" என்று கேட்டார். டிராயிங் கம்பெனியின் சொத்து, கடைசிக் கையெழுத்துக்குப் பிறகுதான் கையில் தருவோம் என்று முதல் கடையில் சொல்லியிருந்தார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு தன் கணக்கில் ஒரு விலை போட்டுத் தந்தார். அதுவும் ஒரே வரி. முதல் கடையைவிட முப்பதாயிரம் குறைவு. எதில் குறைவு என்று கேட்டேன். "குவாலிட்டி ஸேம் ஹை, மேடம்" என்றார். தரம் ஒன்றேதானாம். அந்த இரண்டு தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, போனபோது இருந்ததைவிடக் குழப்பமாக இருந்தது.

இதற்குள் முனிர்கா வீட்டைக் காலி செய்யும் நாள் வந்து, துவாரகாவுக்குக் குடி வந்துவிட்டோம். பழைய சமையலறையை உடைத்தாகிவிட்டது. அந்த இடத்தில் சிமெண்டுச் சுவரும் ஒரு குழாயும்தான் மிச்சம். கூடத்தில் ஸ்டூல் மேல் இண்டக்ஷன் அடுப்பை வைத்துச் சமைத்தேன். கீஸரும் அதுவும் ஒரே நேரத்தில் ஓடினால் வீடு முழுக்க மின்சாரம் போய்விடும். பாத்திரங்களைக் குளியலறையில் குத்தவைத்துக் கழுவினேன். ஜனவரித் தண்ணீர் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்தது. ஒரு மாதம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதிலேயே ஒரு நோயாளிக்கும் சமைக்க வேண்டிவருமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

அளவெடுக்க அந்தத் தமிழ்ப் பெண்ணே வந்தாள். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு வாங்கலோடு, சுவரில் சிவப்புப் புள்ளி விழும் ஒரு கருவியை வைத்து அளந்தாள். வேலையில் சுத்தம். குழாய் எங்கே வரும், சிம்னிக்கு ஓட்டை எங்கே போடலாம், ஜன்னல் திறக்கும்போது அலமாரிக் கதவு இடிக்குமா என்று எல்லாவற்றையும் பார்த்தாள். அளந்து முடித்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, கீல், ட்ராயர் ஓடற சானல் எல்லாம் சேத்தா கொஞ்சம் ஏறும்."

"எவ்வளவு ஏறும்?"

"சார்தான் சொல்லுவாரு. அப்பறம் மூணாவது மாடிக்குத் தூக்க லேபர். கார்னர்ல இழுத்தா வெளிய வர்ற மாதிரி ஒரு யூனிட் போட்டிருக்கு, அதுக்கும்."

"அத யாரு கேட்டா?"

"பேக்கேஜ்ல இருக்கு அக்கா."

"பேக்கேஜ்ல இருந்தா அதுக்கு எதுக்குத் தனியா காசு?"

அவள் கருவியைப் பைக்குள் வைத்து மூடினாள். முகத்தை நிமிர்த்தவில்லை. எனக்குள் பல நாட்களாகச் சேர்ந்திருந்தது அப்போது வெளியே வந்தது.

"நம்ம ஆளுங்கன்னு சொல்லித்தானம்மா அவர்கிட்ட பணம் வாங்குன? அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருந்தா அவரு ஒரு நாளாவது யோசிச்சிருப்பாரு."

அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நான் வேல பாக்கறேன் அக்கா" என்று மட்டும் சொன்னாள். டீ போட்டு வைத்திருந்தேன். குடிக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று இவர் வந்ததும் சொன்னேன். பெரிய சண்டையாகிவிட்டது.

"அந்தப் பொண்ணுகிட்ட எதுக்கு அப்பிடிப் பேசுன? அது என்ன கடை முதலாளியா?"

"அவதானே நமக்கு விலை சொன்னா? வேற யாருகிட்ட போய்க் கேக்கறது?"

"ஒவ்வொரு ஆணிக்கும் கணக்குக் கேட்டா நம்மள என்னன்னு நினைப்பாங்க?"

"பணம் குடுக்கறவங்கன்னு நினைப்பாங்க."

அவர் பால்கனிக்குப் போய்விட்டார். விலை கேட்பது அவருக்கு எப்போதுமே கூச்சம். சட்டை வாங்கினால்கூட விலைச்சீட்டை ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். சின்ன வயதில் ஜவுளிக்கடையில் தன் அப்பா ஒரு மணிநேரம் பேரம் பேசி, கடைக்காரன் எல்லோர் முன்னாலும் துணியை உதறி மடித்துக்கொண்டு போன கதையைக் கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்குக் கோபம் தணியவில்லை. அதேபோல, இந்த வீட்டுக் கடனில் பாதித் தவணை என் சம்பளத்திலிருந்து போகிறது என்பது அவருக்கும் தெரியும்.

கடைசிக் கையெழுத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். அன்று பனிமூட்டம். வண்டிகளெல்லாம் பகலிலேயே விளக்குப் போட்டுப் போய்க்கொண்டிருந்தன. வழியில் இவர், "இன்னிக்கி முடிச்சிருவோம். அப்பா அடுத்த வாரம் வர்றாரு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஷோரூமில் மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார். இவருக்கு மட்டும். ஐம்பது வயதுக்காரர், இதமான பேச்சு. பெரிய திரையில் எங்கள் சமையலறை ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வாங்காத ஆப்பிள் பழங்கள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மேடைமேல் இருந்தன. திரைக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

தொகை மாறியிருந்தது. முன்பு சொன்னதைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். இப்போதும் ஒரே வரிதான்.

"ஸார், ஆஜ் ஸைன் கர் தீஜியே" என்றார் மேனேஜர். இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே பலகை வெட்டத் தொடங்கி ஒரே வாரத்தில் பொருத்திவிடுவார்கள், இல்லையென்றால் எங்கள் முறை வேறொருவருக்குப் போய்விடும், அப்புறம் ஒரு மாதம் தள்ளும் என்று விளக்கினார்.

நான் இந்தியில் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை வேண்டும். அது இல்லாமல் முடியாது.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் ரொம்ப டீடெயிலுக்குள் போகிறார்" என்றார் இந்தியில். இவரும் லேசாகச் சிரித்தார். மரியாதைக்காகச் சிரித்த சிரிப்புத்தான். இருந்தாலும் சிரித்தார். மேனேஜர் டேப்லெட்டை இவர் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடும் பேனாவைக் கையில் கொடுத்தார். இவர் வாங்கிக்கொண்டார்.

கோபம் வந்தால் எனக்கு இந்தி வராது. அந்தப் பெண் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

"சிங்க்குக்குக் கீழ வர்ற பெட்டி என்ன பலகைம்மா? தண்ணிக்குத் தாங்கும்னுதானே சொன்ன?"

அவள் மேனேஜரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரைக்கு அருகில் போய், சிங்க் படத்தின் மேல் விரலை வைத்தாள். வாடிக்கையாளருக்கு வரைபடம் விளக்குகிறவளின் அதே குரல், அதே முகம். இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூட வரவிடவில்லை.

"அக்கா, நான் சொல்றதக் கேட்டு மூஞ்ச மாத்தாதீங்க. படத்தையே பாருங்க. இது நான் சொன்ன பலகை இல்ல. கீழ வர்ற எல்லாமே தூள் பலகை. மரத்தூள ஒட்டி அமுக்கினது. தண்ணி பட்டா ஊதிப் போயிடும்." விரல் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தது. "அண்ணாவக் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லுங்க. ஒவ்வொரு பெட்டியும் என்ன பலகை, என்ன விலைன்னு கேளுங்க. எல்லாம் உள்ள இருக்கு. விடாம கேட்டா குடுத்துதான் ஆகணும்."

"மேடம் என்ன கேட்கிறார்?" என்றார் மேனேஜர் இந்தியில்.

"கலர், ஸார். லைட் க்ரே போடவா, டார்க் போடவான்னு கேக்கறாங்க" என்று அவள் இந்தியிலேயே பதில் சொன்னாள்.

மேனேஜர் தலையாட்டினார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் என்னைப் பற்றியது அல்ல. என் கணவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருக்கும். அவர் அவளைத் திரும்பிப் பார்த்து, "அப்படியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், அவள் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அவர் திரும்பவில்லை. பேனாவை டேப்லெட்டுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தார். பிறகு மேனேஜரிடம் இந்தியில் மிக மெதுவான குரலில் சொன்னார். "என் மனைவி கேட்டது கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் என்ன பலகை என்பதும் அதில் இருக்க வேண்டும்."

"ஸார், சிஸ்டத்தில் அப்படி வராது."

"வரும்வரைக்கும் உட்கார்ந்திருக்கிறோம்."

"உங்கள் முறை போய்விடும். முன்பணம் திருப்பித் தர மாட்டோம்."

"சரி. அதையும் எழுதிக் கொடுங்கள்."

பதினைந்து வருடத்தில் அவர் ஒரு கடையில் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அடுத்த மேஜையில் வயதான ஒரு பஞ்சாபித் தம்பதி கதவு மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இப்போது மாதிரிகளை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மேனேஜர் அதைக் கவனித்தார். அவர் குரல் தணிந்தது. ஆனால் கண்கள் அந்தப் பெண்ணிடம் போயின.

"நீ ஏதாவது சொன்னாயா?"

"இல்ல ஸார்."

அவர் பார்வையை எடுக்கவில்லை. அவள் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஏதாவது செய்யாவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. வராத இந்தியை இழுத்துப்பிடித்துக்கொண்டு அவள் மேலேயே பாய்ந்தேன்.

"இவளைச் சொல்லி என்ன பயன்? இத்தனை நாளாகக் கேட்கிறேன். போனை எடுப்பதில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை, கலர் கலராகப் படம் அனுப்புகிறாள். ஒழுங்காகத் தெரிந்த ஒருவரை எங்களுக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இந்தத் தொல்லையே இருந்திருக்காது."

பாதி உண்மை என்பதால் அது சுலபமாக வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜரின் தோள் தளர்ந்தது. எல்லோர் முன்னாலும் அவளை இரண்டு வார்த்தை கடிந்துவிட்டு, உள்ளே போய் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார். அவள் போனாள். இவர் மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்தது ஆறு பக்கம். எல்லாமே அதில் இருந்தன. கீழ்ப்பெட்டிகள் அத்தனையும் அவள் சொன்ன மரத்தூள் பலகைதான். மேல் அலமாரிகளும் கதவுகளும் நியாயமான விலை என்றே எனக்குப் பட்டது. மூலையில் இழுத்தால் வெளியே வரும் அந்தக் கம்பித் தட்டின் விலைக்கு ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்கிவிடலாம். ட்ராயருக்குள் எரியும் விளக்குகள் இருந்தன. கடைசியில் மிஸலேனியஸ், அதாவது இதர செலவு, என்று ஒன்று இருந்தது. அது என்ன என்று இவர் கேட்டார். மேனேஜருக்குச் சொல்லத் தெரியவில்லை. இவர் அதைப் பேனாவால் அடித்தார். விளக்குகளையும் கம்பித் தட்டையும் நான் அடித்தேன். கீழ்ப்பெட்டிகளை ப்ளைவுட்டுக்கு மாற்றச் சொன்னோம். மாடிக்குத் தூக்கும் கூலியை இப்போதே எழுதச் சொன்னோம். பஞ்சாபிப் பெண்மணி எங்கள் மேஜைக்கு வந்து, "இந்த மாதிரித் தாள் எங்களுக்கும் கிடைக்குமா?" என்று மேனேஜரிடம் கேட்டார். அவர் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ப்ளைவுட் விலையே மிச்சத்தைத் தின்றுவிட்டது. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தோம். திருத்திய தாள் வர மேலும் சில நாள் ஆனது. அதற்குப் பிறகுதான் இவர் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் மிரட்டியபடியே எங்கள் முறை தள்ளிப்போனது. மாமனார் வந்து இறங்கியபோது சமையலறையில் வெறும் சுவர்தான் இருந்தது. நான் பயந்ததே நடந்தது, ஆனால் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அவர் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் ஸ்டூலில் சமைப்பதைப் பார்த்துக்கொண்டு, கீஸரை எப்போது அணைக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்துவதைத் தன் வேலையாக்கிக்கொண்டார். என் கணவர் காலையில் பாத்திரம் கழுவிவிட்டு அலுவலகம் போனார்.

பிப்ரவரியில் சமையலறை பொருத்தி முடிந்தது. சரிபார்த்துக் கையெழுத்து வாங்க அந்தப் பெண் வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன். போன் செய்யப் பலமுறை நினைத்து, அவள் மொபைல் கடையுடையதாக இருந்தால் என்ன ஆவது என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினாள். ஒரு கீலைத் திருகி நேராக்கினாள். சிங்க்குக்குக் கீழே மண்டியிட்டு, பலகையின் வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "ப்ளைவுட்தான் அக்கா" என்றாள்.

"அன்னிக்கி அப்பிடித் திட்டிட்டேன். வேற வழி தெரியல."

"நல்லதாப் போச்சு அக்கா. இல்லன்னா சாருக்கு சக், அதான் சந்தேகம், வந்திருக்கும்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இன்சென்டிவ் கட் பண்ணிட்டாரு. கஸ்டமர் கம்ப்ளெயின்ட்னு."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "நான் அவருகிட்ட பேசட்டுமா?"

"வேணாம். பேசினா அவருக்குப் புரிஞ்சிடும். ரேட்டிங் லிங்க் வரும், ஸ்டார் மட்டும் குடுங்க. ஒண்ணும் எழுதாதீங்க."

அவ்வளவு நாளும் ஒன்றை நினைத்து எனக்குள் நெகிழ்ந்துகொண்டிருந்தேன். அதைக் கேட்டே விட்டேன். "நாங்க தமிழ்க்காரங்கன்னுதானே அன்னிக்கி பலகை விஷயத்தச் சொன்ன?"

அவள் யோசித்தாள். "இல்ல அக்கா" என்றாள். "போன வருஷம் ஒரு ஆன்ட்டி வீட்டுல இதே மாதிரிப் பெட்டி ஊறி, கதவோட விழுந்துடுச்சு. ஷோரூமுக்கு வந்து என்னை நிக்க வெச்சுக் கத்தினாங்க. சார் உள்ள உக்காந்து சாய் குடிச்சிட்டிருந்தாரு. வெளிய வரவே இல்ல. இன்னொரு வாட்டி அப்பிடி நிக்க என்னால முடியாது. தமிழ் தெரிஞ்சதால உங்ககிட்ட சொல்ல முடிஞ்சுது. அவ்வளோதான்."

அடுத்த மாதம் வேறு ஒரு இடத்தில் வேலைக்குச் சேரப்போகிறாளாம். அங்கே கொட்டேஷன் எப்படிப் போடுவார்கள் என்று கேட்டேன். இன்டர்வியூவில் தானும் அதைத்தான் முதலில் கேட்டதாகச் சொன்னாள். தாளை நீட்டினாள். இவர் அலுவலகத்தில் இருந்ததால் நான் கையெழுத்துப் போட்டேன்.

கூடத்திலிருந்து மாமனார், "அந்தப் பொண்ண சாப்பிட்டுப் போகச் சொல்லும்மா" என்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் போட்டேன். ஒரு கவளம் வாயில் வைத்ததும் நிறுத்தினாள்.

"அக்கா, இதுல உப்பே இல்ல."

"எனக்காகத்தான் அப்படி. பழகிக்கோ" என்றார் மாமனார்.

அவள் எழுந்து போய், எந்த ட்ராயர் என்று கேட்காமலே திறந்து உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். மாமனார் கையெட்டாத தூரத்தில் அதை வைத்துவிட்டு, கூட்டில் தாராளமாகப் போட்டுப் பிசைந்து, இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.